நுரையீரல் ரத்தக்கட்டிக்குப் பிறகு நீண்ட விமானப் பயணம்: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 59 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணவருடன் வசிக்கிறேன். சுமார் நான்கு மாதங்களுக்கு முன் கொல்லைப்புறத்துப் பாசியில் வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு முறிந்து, ஐந்து வாரம் மாவுக்கட்டுடன் நாற்காலியே கதி என்று இருந்தேன். கட்டுப் பிரித்த பிறகும் கெண்டைக்கால் கனத்து, தொட்டால் சூடாக இருந்தது. இத்தனை நாள் அசையாத கால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, எண்ணெய் தடவி நன்றாக நீவிவிடச் சொன்னேன். அது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று அப்போது தெரியவில்லை. அந்த வாரமே ஒரு திருமணத்துக்காகச் சென்னைக்குப் பேருந்தில் போய்வந்தேன்.

வந்த இரண்டாம் நாள், மாடிப்படியில் எட்டாவது படிக்கு மேல் கால் எடுத்து வைக்க முடியாதபடி மூச்சு வாங்கியது. அருகில் ஒரு சிறிய மருத்துவமனையில் வாயுத் தொல்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கால் வீக்கத்தைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தேன். என் கணவர் பக்கத்து வீட்டுக் காரில் என்னைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் வலப்பக்கம் திணறுவது தெரிந்தது, ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவில் இரண்டு நுரையீரல்களிலும் ரத்தக்கட்டிகள் இருந்தன. முதல் சில நாட்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசியை வயிற்றில் போட்டார்கள். பின்னர் அதே வேலையைச் செய்யும் ரிவராக்ஸபான் மாத்திரை 15 மி.கி. இருவேளை, இப்போது 20 மி.கி. ஒருவேளை. கட்டி கண்டுபிடித்து இன்றோடு பத்து வாரம் ஆகிறது.

என் மகள் பாரிஸில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம், நான் புறப்பட வேண்டிய நாள் பதினான்காம் வாரத்தில் வருகிறது. மருத்துவர், போகலாம், மாத்திரையை நிறுத்தாதீர்கள், புறப்படும் முன் ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனாலும், பேருந்தில் உட்கார்ந்து போய்வந்ததற்கே இந்தப் பாடு என்றால், பத்து மணி நேரம் விமானத்தில் எப்படி உட்காருவது என்ற பயம் என்னை விடவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள், என்னென்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முத்தியால்பேட்டை எழுதியது:

அம்மா, எட்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே நோய் வந்தது. எனக்கு எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ இல்லை; காரணமே தெரியாமல் வந்ததால் இன்றுவரை மாத்திரையில் இருக்கிறேன். அதன் பிறகு இரண்டு முறை பிரான்சுக்கும் பல முறை பெங்களூருக்கும் போய்வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டால் பயம் கையாளும் அளவுக்குக் குறைந்துவிடும் என்பதே நான் கற்றது.

முதலில், உங்களை நோயில் தள்ளியது பேருந்து மட்டும் அல்ல. ஐந்து வாரம் மாவுக்கட்டில் அசையாமல் கிடந்த காலில் கட்டி ஏற்கெனவே உருவாகியிருக்க வேண்டும். சூடும் கனமும் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. அது பெயர்ந்து ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போயிருக்க வேண்டும். அன்று உங்கள் ரத்தத்தில் மருந்து இல்லை. இன்று இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் எந்தப் பயணமும், அது விமானமோ ரயிலோ பேருந்தோ காரோ, ரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆனால் அதே ஆய்வின்படி, அப்படிப் பயணம் செய்பவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது. நம்மைப் போல் ஒருமுறை வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். அதனால்தான் மருந்தோடு பயணம் செய்கிறோம்.

எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம் என்பதில் வழிகாட்டல்கள் ஒன்றுபோல் இல்லை. பிரிட்டனின் நுரையீரல் மருத்துவ அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2011-ல் நான்கு வாரம் தள்ளிப்போடச் சொன்னது. 2022-ல் அதை இரண்டு வாரமாகக் குறைத்தது. நீங்கள் பதினான்காம் வாரத்தில் போகிறீர்கள் என்பதால் அந்தக் கணக்கு உங்களுக்குத் தடை இல்லை. நாள் கணக்கைவிட, ஓய்வில் இருக்கும்போதும் நடக்கும்போதும் மூச்சு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. சுமார் 8,000 அடி, அதாவது 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்று நினைத்துப் பாருங்கள். கடல் மட்டத்திலேயே வாழும் நாம், அதைவிடச் சற்று உயரமான ஒரு மலையில் பத்து மணி நேரம் அமர்ந்திருப்பதைப் போன்றது அது. நல்ல நுரையீரலுக்கு அது ஒன்றும் செய்யாது. தரையிலேயே ஆக்சிஜன் குறைவாக உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லி ஆக்சிஜன் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எக்கோவோடு, ஆறு நிமிடம் நடக்கவைத்து ஆக்சிஜன் அளவு பார்க்கும் சோதனையும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் நேர் விமானத்தில் போகாமல் வளைகுடா நாடொன்றில் இறங்கி மாறினேன். மொத்த நேரம் கூடினாலும் நடுவில் இரண்டு மணி நேரம் நடக்கக் கிடைத்தது. நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். முன் இருக்கையின் அடியில் பையை வைக்காதீர்கள். கால் நீட்டும் இடம் போய்விடும். தூக்க மாத்திரை வேண்டாம். மடங்கிய காலோடு ஆறு மணி நேரம் அசையாமல் தூங்குவதுதான் நமக்கு ஆகாதது.

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்த மாத்திரையால் மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்? மூன்று மாதம் முடிந்துவிட்டால் கட்டி கரைந்திருக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு, பூண்டு, இஞ்சி என்று உணவிலேயே பார்த்துக்கொண்டு போவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறேன்.

பாகூர் செவிலியர் எழுதியது:

நெய்வேலி ஐயாவின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த ஆலோசனையை யாரும் பின்பற்றிவிடக் கூடாது என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன். நான் முப்பது ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள்.

இந்த மாத்திரைகள் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி வளராமலும் புதிதாக உருவாகாமலும் காவல் காக்கின்றன. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்துகொள்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி தனி. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டுமே அதைப் போடுவார்கள். ஆகவே குறைந்தது மூன்று மாதம் என்பது அந்தக் காவல் இருந்தே ஆக வேண்டிய காலம். ஆசிரியை அம்மாவுக்கு வந்ததைப் போல எலும்பு முறிவு, மாவுக்கட்டு என்று தெளிவான காரணம் இருந்தால் மூன்று மாதத்துக்குப் பிறகு நிறுத்தும் பேச்சு வரும். முத்தியால்பேட்டை ஐயாவைப் போலக் காரணம் தெரியாமல் வந்தால் பெரும்பாலும் தொடர்வார்கள். நிறுத்தும் நாளை மருத்துவர்தான் குறிக்க வேண்டும். பத்து மணி நேரப் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் காவலை எடுத்துவிட்டுப் போவது, வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

பெர்லினைச் சேர்ந்த ருடால்ப் விர்கோவ் என்ற மருத்துவரின் பெயரால் இன்றும் ஒரு மூன்று காரணக் கணக்கைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ரத்தம் தேங்குவது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் நாளே உலக ரத்த உறைவு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அம்மாவின் கதையில் முறிவால் குழாய் அடிபட்டது, மாவுக்கட்டால் ரத்தம் தேங்கியது. பூண்டும் இஞ்சியும் உணவில் இருப்பது நல்லதுதான். ஆனால் இந்த இரண்டையும் ஈடுகட்டும் மருந்தாக அவற்றை நம்ப முடியாது. மாத்திரையோடு சேர்த்து லேகியம், சூரணம் என்று அளவு தெரியாமல் எடுத்துக்கொண்டால் ரத்தக் கசிவும் கூடலாம். எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ரத்தக் கசிவு உண்மையான ஆபத்துதான். தார் போல் கருத்த மலம், சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், திடீரென்று வரும் கடுமையான தலைவலி ஆகியவற்றுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்டால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றினாலும் போக வேண்டும். நம் ஊரில் உடம்பு வலி என்றால் டைக்ளோஃபினாக் மாத்திரையும், காய்ச்சல் என்றால் இடுப்பில் ஓர் ஊசியும் கேட்டு வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, இந்த மாத்திரையில் இருப்பவர்களுக்கு இரண்டுமே ஆகாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். தசையில் போடும் ஊசி உள்ளேயே ரத்தம் கட்டச் செய்யும். எந்த மருத்துவரிடம் போனாலும் உட்கார்ந்த உடனே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகங்கள் மீதி இருக்கின்றன. கீரை சாப்பிடக் கூடாது என்று ஒருவர் சொன்னதால் பத்து வாரமாக முருங்கைக்கீரையைத் தொடவில்லை, அது சரியா? நான் கிருத்திகை விரதம் இருப்பவள். அன்று மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டேன். மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இரவில் வலது விலாப்பக்கம் சுருக்கென்று ஒரு வலி வருகிறது. உடனே எழுந்து ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுகிறேன். 97 என்று காட்டும். படுத்தால் மறுபடி சந்தேகம் வரும், மறுபடி மாட்டுவேன். சில இரவுகளில் பத்து முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் என் கணவரும் தூங்குவதில்லை.

முத்தியால்பேட்டை எழுதியது:

கீரைக் கட்டுப்பாடு என்னைப் போல் அசினோகுமரால் அல்லது வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு. எங்களுக்குக் கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தை எதிர்த்து வேலை செய்யும், அதனால் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். நாங்களும்கூடக் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். உங்கள் ரிவராக்ஸபானுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இன்றே முருங்கைக்கீரை பொரியல் செய்யுங்கள்.

இரவு வலியைப் பற்றித் தயங்காமல் எழுதியதற்கு நன்றி. அடைப்பட்ட பகுதியை ஒட்டிய நுரையீரல் உறை புண்பட்டு ஆறும்போது, மூச்சை இழுத்தால் குத்துவது, ஒருக்களித்துப் படுத்தால் சுருக்கென்பது சில மாதங்கள் வந்து வந்து போகும். எனக்கு ஏழு மாதம் இருந்தது. உட்கார்ந்திருக்கும்போதே புதிதாக மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருப்பது, சளியில் ரத்தம், மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவை வந்தால் நள்ளிரவானாலும் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். மற்றபடி அந்த ஆக்சிமீட்டரைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டு, இரவில் கணவரிடம் கொடுத்துப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் மீண்டேன். பயம் குறையவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயிலிருந்து எழுந்த பலருக்கு அது வருகிறது.

நடையையும் விடாதீர்கள். நான் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு நடப்பேன். முதல் வாரம் காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரை போவதே பெரும் பாடு. அருகில்தான் இருக்கிறது என்றாலும் அங்கே உட்கார்ந்துவிடுவேன். மூன்றாம் மாதம் முழு நீளமும் போய்த் திரும்பினேன். உங்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது.

பாகூர் செவிலியர் எழுதியது:

விரதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகள் உணவோடு சேர்ந்தால்தான் முழுமையாக ரத்தத்தில் ஏறும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்தின் ஒரு பகுதி வீணாகிறது. மருந்து நிற்கும் வரை கிருத்திகைக்கு இரவு பலகாரமாவது வயிறாரச் சாப்பிட்டு அதோடு மாத்திரையைப் போடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, மூன்று மாதம் சரியாக மருந்து எடுத்த பிறகும் படியேறினால் மூச்சு வாங்குவது தீரவில்லை என்றால் வயது, பருமன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிறு பங்கினருக்குப் பழைய கட்டிகள் தழும்பாகி நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். எக்கோவும், நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று பார்க்கும் வி.க்யூ. ஸ்கேனும் அதைக் காட்டிக்கொடுக்கும். தகுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.

திருப்பாதிரிப்புலியூர் மருந்துக்கடை எழுதியது:

மருந்தை எடுத்துச் செல்வது பற்றி மட்டும் சொல்கிறேன். முழு மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் பெட்டி ஒரு நாடு, நீங்கள் ஒரு நாடு ஆகலாம். தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, கடைகளைத் திறக்க முடியாமல் தண்ணீர் நின்றது. அன்று என் வாடிக்கையாளர் ஒருவர் கடைசி மாத்திரையோடு இருந்தார். முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்வது, இந்த மாத்திரை தீர்ந்த பிறகு வாங்கும் மாத்திரை அல்ல என்பதுதான்.

மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். இங்குள்ள பெயர் அங்கே தெரியாது. பாரிஸ் நேரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. முதல் நாள் நம் ஊர் நேரப்படியே போட்டுவிட்டு, நாளுக்கு ஒரு மணி நேரமாகத் தள்ளி அங்குள்ள இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுபோகலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவேளை மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்தவுடன் போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

காலில் ரத்தம் தேங்காமல் இருக்கப் போடும் அழுத்தக் காலுறை வாங்கும்போது கணுக்காலையும் கெண்டைக்காலையும் காலையில், வீக்கம் ஏறும் முன் நாடாவால் அளந்து வாருங்கள். முழங்காலுக்குக் கீழ் வரை உள்ளது போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காலில் ஏறாது. காலைத் துடைத்துப் பவுடர் தடவி, குதிகால் வரை உறையை உள்வெளியாகத் திருப்பி வைத்து ஏற்றினால் ஏறும். மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், அது கயிறு கட்டியது போல் ரத்தத்தை நிறுத்தும். காலுக்கு ரத்த ஓட்டமே குறைவு என்று சொல்லப்பட்ட சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

லாஸ்பேட்டை மருமகள் எழுதியது:

அம்மா, எனக்கு 31 வயதில் கருத்தடை மாத்திரை எடுத்த காலத்தில் இது வந்தது. அதனால் உங்கள் மகளை நினைத்து எழுதுகிறேன். கர்ப்ப காலத்திலும், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களிலும் பெண்களுக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். உங்களுக்குக் காரணம் எலும்பு முறிவுதான் என்றாலும், அம்மாவுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது என்று உங்கள் மகள் அங்குள்ள மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சில் எம்போலி புல்மோனேர் என்பார்கள். அந்தச் சொல்லை நீங்களும் மனப்பாடம் செய்யுங்கள். அங்கே அவசர மருத்துவ உதவிக்கு எண் 15, ஐரோப்பா முழுவதற்கும் 112. பயணக் காப்பீட்டில் நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

திருவண்ணாமலை வழிப்போக்கன் எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மாத்திரையில் ஐந்து மாதமாக இருக்கிறேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகலாமா?

பாகூர் செவிலியர் எழுதியது:

பதினான்கு கிலோமீட்டர் நடை உங்கள் கால்களுக்கு நல்லதுதான், தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறது என்றால். எனக்குக் கவலை வெறுங்கால்தான். கண்ணாடிச் சில்லோ முள்ளோ குத்தினால் ரத்தம் எளிதில் நிற்காது. கூட்டம் இல்லாத நாளில், பகல் வெளிச்சத்தில், துணையோடு, தண்ணீர் குடித்துக்கொண்டே போங்கள். போகும் பேருந்தில் கால்களை மடக்கியே வைத்திருக்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை எழுதியது:

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். எல்லோரிடமும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

புறப்படும் முன் எடுத்த எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. நடக்கவைத்துப் பார்த்ததில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே இறங்கவில்லை. நான் திரும்பி வரும் வரை மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஆறாம் மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். முத்தியால்பேட்டை ஐயா சொன்னபடி நடுவில் இறங்கும் விமானத்தில்தான் வந்தேன். என் கணவர் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருந்தார். பாதுகாப்புச் சோதனையின் நீண்ட வரிசைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்ற தூரமெல்லாம் நடந்தேன். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பின்கோடி வரை போய், அங்கே நின்று குதிகாலைத் தூக்கி இறக்கினேன். உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலால் காற்றில் உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதினேன். வகுப்பில் முதல் நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது காலுக்கு உதவியது. ஆக்சிமீட்டர் கைப்பையில்தான் இருந்தது. ஒரே ஒரு முறை, நடுவானில் எடுத்துப் பார்த்தேன். 93 என்று காட்டியது. விமானத்தில் எல்லோருக்குமே சற்று இறங்கும் என்று முன்பே மருத்துவர் சொல்லியிருந்ததால் பதறாமல் உள்ளே வைத்துவிட்டேன்.

லாஸ்பேட்டை சகோதரிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் மகள் எனக்கு வந்ததைச் சொன்னதும் மகப்பேறு மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். பிரசவம் அறுவை சிகிச்சையாக முடிந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். அறுவை சிகிச்சையும் என் கதையும் சேர்ந்ததால், அவளுக்குத் தினம் ஓர் எனாக்ஸாபாரின் ஊசி எழுதியிருக்கிறார்கள். செவிலியர் வீட்டுக்கு வந்து போடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் முதல் நாள் ஊசியைப் பார்த்து அவள் அழுதாள். செவிலியரின் அனுமதியோடு நானே போட்டேன். தொப்புளிலிருந்து தள்ளி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, நேராக இறக்கி, மெதுவாக மருந்தைச் செலுத்தி, எடுத்த பிறகு தேய்க்காமல் விட வேண்டும். தேய்த்தால் நீலம் பாயும். புதுச்சேரியில் என் வயிற்றில் போடும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. இன்று நான்காவது ஊசி. நீலம் எதுவும் இல்லை.